இலை சுற்றாத முயல்



திருத்தணியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய மாமியாருக்கு 65 வயது. கிணற்றடியில் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. கொழுந்தனார் அன்று மாலையே புத்தூருக்கு வண்டி பேசிவிட்டார். நர்சிங் படிக்கும் மகளோ ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றிருக்கிறாள். கடைசியில் புத்தூரில்தான் கட்டுப் போட்டார்கள். கட்டுப் போட்ட பிறகும் வாசகிக்கு மனசு ஆறவில்லை. "எங்கள் தெருவில் மட்டும் ஐந்தாறு பேர் புத்தூர் கட்டுப் போட்டு நன்றாக நடமாடுகிறார்கள். அதே தெருவில் ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்த ஒருவருக்குச் சீழ் பிடித்து ஆறு மாதம் அவஸ்தை. கண்ணால் பார்ப்பதை நம்புவதா, மகள் சொல்வதைக் கேட்பதா? நீங்களாவது ஒரு வரியில் சொல்லுங்கள், ஐயா."

ஒரு வரியில் சொல்ல முடியவில்லை, அம்மா. மருத்துவ ஆராய்ச்சியின் மிகக் கடினமான கேள்விகளில் ஒன்றை நீங்கள் அஞ்சல் அட்டையில் கேட்டுவிட்டீர்கள். ஒரு சிகிச்சையை எடுத்துக்கொண்டவர்களையும் எடுக்காதவர்களையும் பார்த்தே அந்தச் சிகிச்சையின் பலன் இவ்வளவு என்று சொல்லிவிட முடியுமா? இந்த மாதம் என் பக்கம் முழுவதும் அதற்கே.

புத்தூரை அறியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம். சென்னையிலிருந்து திருப்பதி ரயிலில் ஏறினால் திருவள்ளூர், அரக்கோணம், திருத்தணி, நகரி தாண்டி வருகிறது புத்தூர். முன்பு சித்தூர் மாவட்டம். 2022 முதல் திருப்பதி மாவட்டம். தெலுங்கும் தமிழும் ஒரே பேச்சில் கலந்து புழங்கும் எல்லைச் சீமை. ஊரை ஒட்டிய ராச்சபாளையத்தில் ராஜு குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டுவருகிறார்கள். ஆந்திரத்திலிருந்து மட்டுமல்ல, தமிழ்நாடு, கர்நாடகத்திலிருந்தும் ஆட்கள் போகிறார்கள். நம் ஊர்களின் கடைத்தெருவில் "புத்தூர் கட்டு" என்ற போர்டைப் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். அந்தப் போர்டு மாட்டிய எல்லோருக்கும் புத்தூரோடு தொடர்பு உண்டா என்பது வேறு விஷயம். ஓர் ஊரின் பெயரே ஒரு வைத்தியத்தின் பெயராகிவிட்டது என்றால், அந்த நம்பிக்கை சும்மா வந்ததில்லை.

முறிந்த கையைத் துண்டில் தொட்டிலாகக் கட்டித் தொங்கவிட்டு, நல்ல கையில் எக்ஸ்ரே கவரைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் காத்திருக்கிறார்கள். முறை வந்ததும் உதவியாள் முழங்கையைப் பிடித்துக்கொள்ள, வைத்தியர் விரல் நுனியால் எலும்பைத் தடவி முறிவைத் தேடுகிறார். இழுத்து நேராக்குகிறார். அந்த ஒரு கணம் உயிர் போகிறது. பிறகு அரைத்த பச்சிலை, முட்டை வெள்ளைக்கருவில் நனைத்த துணி, மூங்கில் பத்தை. துணி காயக் காயக் கட்டு கெட்டிப்படுகிறது. அன்றைக்கே வீடு திரும்பலாம். தங்க வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம், நகையை அடகு வைக்க வேண்டாம். கூலி வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது நம்மில் பலருக்குத் தெரியும்.

இந்த வைத்தியம் எப்படித் தொடங்கியது என்பதற்கு அந்தப் பக்கத்தில் ஒரு கதை உண்டு. ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடும்பத்து முன்னோர் ஒருவர் காட்டிலிருந்து கால் ஒடிந்த முயலைக் கொண்டுவந்தாராம். கைக்குக் கிடைத்த இலைகளை அதன்மேல் சுற்றி வைத்தாராம். காலையில் பார்த்தால் முயல் எழுந்து ஓடுகிறதாம். அந்த இலை எது என்று தேடிப் போனதில் பிறந்ததுதான் இந்த வைத்தியம் என்பார்கள்.

கதை அழகாக இருக்கிறது. அது நடந்ததா இல்லையா என்ற ஆராய்ச்சிக்கு நான் போகவில்லை. என் கவலை கதையில் வராத இன்னொரு முயலைப் பற்றியது. அதே காட்டில், அதே இரவில், அதே மாதிரி கால் ஒடிந்து, இலை சுற்றாமல் விடப்பட்ட முயல். அது காலையில் என்ன செய்தது? அதுவும் எழுந்து ஓடியிருந்தால், முதல் முயலை ஓடவைத்தது இலை என்று சொல்ல முடியாது. இலையின் பலன் என்பது இரண்டு முயல்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசம். நம் கண்ணுக்குத் தெரிவதோ எப்போதும் ஒரு முயல்தான்.

எலும்பு விஷயத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஏனென்றால் எலும்பு தானாகவே கூடும். முறிந்த இடத்தில் ரத்தம் கட்டுகிறது. அது மெல்ல நார்த் திசுவாகி, பிறகு புது எலும்பாக இறுகுகிறது. குழந்தைகளுக்குச் சீக்கிரம், வயதானவர்களுக்கு மெதுவாக. மணிக்கட்டுக்குச் சுமார் ஆறு வாரம், தொடை எலும்புக்கு மாதக்கணக்கு. வைத்தியர் செய்வது எலும்பை நேராக வைத்து, அசையாமல் பிடித்திருப்பது. அது சிறிய வேலை இல்லை; கோணலாகக் கூடினால் ஆயுசுக்கும் கஷ்டம். ஆனால் "கட்டுப் போட்டேன், கூடிவிட்டது" என்ற வாக்கியத்தில், எலும்பு தானே செய்துகொண்டது எவ்வளவு, கட்டு செய்தது எவ்வளவு, பச்சிலை செய்தது எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை.

இந்தக் கேள்வி நாட்டு வைத்தியத்துக்கு மட்டும் உரியதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தோளை ஒட்டிய மேல்கை எலும்பு முறிந்து இடம் விலகினால் பலருக்குப் பிளேட் வைப்பது வழக்கமாக இருந்தது. பிரிட்டனில் இத்தகைய முறிவு கண்ட 250 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அறுவை சிகிச்சையும் மறு பாதிக்குக் கையைத் தொட்டிலில் தொங்கவிடுவதும் செய்து, இரண்டு வருடம் பின்தொடர்ந்தார்கள். 2015-இல் முடிவு வந்தது. கையின் உபயோகத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அதுவரை அந்த அறுவை சிகிச்சையைச் செய்துவந்த நல்ல டாக்டர்களும் "செய்தேன், கூடிவிட்டது" என்றுதான் நம்பியிருப்பார்கள்.

இப்போது வாசகியின் தெருவுக்கு வருவோம். புத்தூருக்குப் போனவர் யார், ஆஸ்பத்திரிக்குப் போனவர் யார்? படியில் தடுக்கி விழுந்து கை பிசகியவர், மரத்திலிருந்து குதித்துக் கையை ஒடித்துக்கொண்ட பையன், இவர்களைப் புத்தூருக்குக் கூட்டிப்போவார்கள். லாரி மோதி எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால், 108 வண்டி நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போகும். சீழ் பிடிக்கக்கூடிய முறிவுகளும் துண்டு துண்டாக நொறுங்கியவையும் ஆஸ்பத்திரிப் பக்கம் சேர்கின்றன. தானாகவே கூடக்கூடியவை புத்தூர் பக்கம் சேர்கின்றன. அப்புறம் இரண்டு பக்கத்தையும் எண்ணினால் புத்தூர் ஜெயிக்காமல் எப்படி இருக்கும்? பிளேட் வைத்த அந்த மனிதருக்குச் சீழ் பிடித்ததற்குப் பிளேட் காரணமா, அவர் கொண்டுவந்த காயம் காரணமா என்பது தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது.

எதிர்ப்பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். எலும்பு முறிவு டாக்டர்களிடம் புத்தூர் கட்டு என்று சொன்னாலே பலருக்கு முகம் மாறும். காரணம் இருக்கிறது. கட்டு இறுகிப்போய், ரத்த ஓட்டம் நின்று, விரல்கள் கறுத்த பிள்ளைகளை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். சிலருக்குக் கையையே எடுக்க வேண்டியிருந்திருக்கிறது. அதை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். ஆனால் அவர்களிடம் வருவது கெட்டுப்போன கட்டு மட்டுமே. நன்றாகக் கூடிய ஆயிரம் பேர் எலும்பு டாக்டரைத் தேடி வந்து "எனக்குச் சரியாகிவிட்டது" என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. அதே மாதிரி, விரல் கறுத்த பிள்ளையின் தகப்பன் அந்த வேதனையில் கட்டுப் போட்டவரிடம் திரும்பிப் போவதும் அரிது. வைத்தியர் தன்னிடம் திரும்பி வந்தவர்களைப் பார்க்கிறார். டாக்டர் தன்னிடம் கொண்டுவரப்பட்டவர்களைப் பார்க்கிறார். இருவரும் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். மொத்தம் எத்தனை பேர் கட்டுப் போட்டார்கள் என்ற அடித்தொகை இருவர் கையிலும் இல்லை.

இதில் நுட்பமான இன்னொரு கண்ணியும் உண்டு. எந்தக் கட்டு வைத்தியராவது "மூன்றாவது கட்டுவரை ஒழுங்காக வந்தவர்கள் அத்தனை பேருக்கும் கூடியிருக்கிறது" என்று சொன்னால், அது முழு உண்மையாக இருக்கலாம். ஆனால் மூன்றாவது கட்டுவரை வந்தவர் என்றாலே முதல் இரண்டு கட்டுகளில் கெட்டுப்போகாதவர் என்றுதான் அர்த்தம். கெட்டவர் நடுவிலேயே வேறு இடம் தேடிப் போய்விட்டார், கணக்கிலிருந்தும் போய்விட்டார். எண்ணத் தொடங்க வேண்டிய நாள் முதல் கட்டுப் போட்ட நாள். இந்த ஒரு விஷயத்தை மட்டும் தயவுசெய்து நினைவில் வையுங்கள். அமெரிக்காவில் பெரிய பெரிய ஆராய்ச்சியாளர்களையே இது வழுக்கி விழவைத்ததைக் கீழே சொல்லப்போகிறேன்.

இந்தச் சிக்கல்களை எல்லாம் ஒரே வீச்சில் அறுக்கும் வழி குலுக்கல். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை நோயாளியும் டாக்டரும் தீர்மானிக்காமல் குலுக்கலிடம் விட்டால், காயத்தின் கடுமை, வயது, வசதி, நம்பிக்கை எல்லாம் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பரவிவிடும். பிறகு வரும் வித்தியாசம் சிகிச்சையால் வந்தது என்று தைரியமாகச் சொல்லலாம்.

இதில் நமக்குப் பெருமைப்பட நிறைய இருக்கிறது. 1956-இல் சென்னையில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் தொடங்கியது. இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். அன்று காசநோய் என்றால் சானடோரியம். சுத்தமான காற்று, முழு ஓய்வு, முட்டை, பால். இவை இல்லாமல் குணமாகாது என்று உலகமே நம்பியது. சானடோரியத்தில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் வெறுமனே ஒப்பிட்டிருந்தால் அந்த நம்பிக்கை உறுதிப்பட்டிருக்கவும் கூடும், ஏனென்றால் இடம் கிடைத்தவரும் கிடைக்காதவரும் ஒரே மாதிரியானவர்கள் இல்லை. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் அந்த மையம் வேறு வழியில் போனது. சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்துக்கு அனுப்பியது. மற்றவர்களுக்கு அதே மாத்திரைகளை ஒரு வருடம் வீட்டிலேயே கொடுத்தது. நெருக்கடியான ஒற்றை அறை வீடுகள், குறைந்த சாப்பாடு, ஓய்வு என்பதே இல்லாத உழைப்பு. 1959-இல் வெளியான முடிவின்படி வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமடைந்தார்கள். அவர்களோடு ஒரே கூரையின் கீழ் இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் நோய் கூடுதலாகப் பரவவில்லை. குணப்படுத்தியது மருந்து, படுக்கையும் காற்றும் இல்லை. உலகம் முழுவதும் காசநோயாளிகளை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்ற கொள்கைக்கு அடித்தளம் இட்டவர்கள் சென்னைக் குடிசைகளில் வாழ்ந்த அந்த நோயாளிகள்.

புத்தூர் ரயில் போகும் வழியிலேயே இன்னொரு சான்று. 1968 முதல் திருவள்ளூர்ப் பகுதியில் (அன்று அது செங்கல்பட்டு மாவட்டம்) சுமார் 3,60,000 பேரைச் சேர்த்து பிசிஜி தடுப்பூசி பரிசோதனை நடந்தது. சிலருக்குத் தடுப்பூசி, சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. எல்லோரும் நல்ல முடிவை எதிர்பார்த்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. 15 வருடம் பின்தொடர்ந்த பிறகும் அதே விடை.

அப்படியானால் பிறந்த குழந்தைக்கு இன்றும் பிசிஜி போடுகிறார்களே, ஏன்? இங்கேதான் வாசகியின் கேள்விக்கு நெருக்கமான பதில் இருக்கிறது. குழந்தைகளுக்கு வரும் காசநோய் மூளைக்காய்ச்சல் கொடியது, ஆனால் அரிது. அதற்கென்று குலுக்கல் போட்டு, சில குழந்தைகளுக்குத் தடுப்பூசி கொடுக்காமல் காத்திருப்பது நியாயமில்லை. அதனால் பல நாடுகளில் ஆராய்ச்சியாளர்கள் பின்னோக்கிப் போனார்கள். அந்த நோயோடு வந்த குழந்தைகளையும், அதே வயதில் அதே சூழலில் நோயில்லாமல் இருந்த குழந்தைகளையும் எடுத்து, யார் கையில் பிசிஜி தழும்பு இருக்கிறது என்று பார்த்தார்கள். நோய் வராத குழந்தைகளிடம்தான் தழும்பு கூடுதலாக இருந்தது. குலுக்கலே இல்லாமல், நடந்ததைக் கவனித்தே கிடைத்த விடை அது. இன்றும் பிரசவ வார்டில் பிசிஜி போடுவதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம்.

ஆக, குலுக்கல் இல்லாவிட்டால் ஒன்றும் தெரியாது என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். 1971-இல் வங்கதேசப் போரின்போது எல்லையோர பன்காவ் அகதி முகாமில் காலரா. சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோயின. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே வாயில் ஊற்றச் சொன்னார். சுமார் 30 விழுக்காடாக இருந்த சாவு 3.6 விழுக்காடாக இறங்கியது. குலுக்கல் போட நேரமும் இல்லை, மனமும் இல்லை. இறக்கம் அவ்வளவு பெரிதாக, அவ்வளவு வேகமாக இருந்தபோது, நோயாளிகளிடையே இருந்திருக்கக்கூடிய சின்னச் சின்ன வேறுபாடுகள் அதை விளக்கிவிட முடியாது.

இன்னும் பக்கத்தில், நம் நினைவிலேயே இருக்கிற ஒன்று. 2021 கோடையில் கொரோனா இரண்டாம் அலை. சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தார் தமிழ்நாடு காவல்துறையின் பதிவேட்டை எடுத்தார்கள். மொத்தம் 1,17,524 பேர். மே நடுப்பகுதிக்குள் இரண்டு தவணை தடுப்பூசி போட்டவர்கள் 67,673 பேர். ஒரு தவணை போட்டவர்கள் 32,792 பேர். போடாதவர்கள் 17,059 பேர். ஏப்ரல் 13 முதல் மே 14 வரை கொரோனாவில் இறந்த போலீஸார் 31 பேர். அதில் தடுப்பூசி போடாதவர்கள் 20, ஒரு தவணை போட்டவர்கள் 7, இரண்டும் போட்டவர்கள் 4.

இந்த எண்களைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். "இரண்டு ஊசி போட்டும் நாலு பேர் செத்தார்களே" என்று அன்று பேசியவர்கள் உண்டு. 31-இல் 11 பேர் ஏதாவது ஒரு ஊசியாவது போட்டவர்கள், அது உண்மை. ஆனால் ஊசி போட்டவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். போடாதவர்கள் 17 ஆயிரம். ஆயிரம் பேருக்கு என்று வகுத்தால், போடாதவர்களில் 1.17 சாவு, ஒரு தவணைக்காரர்களில் 0.21, இரு தவணைக்காரர்களில் 0.06. இரண்டு தவணை போட்டவர்களுக்குச் சாவிலிருந்து 95 விழுக்காடு பாதுகாப்பு என்று கணக்கு வந்தது. காவல்துறையில் பணியாளர் பதிவேடு இருந்ததால்தான் இது முடிந்தது. புத்தூர் விஷயத்தில் நமக்கு இல்லாத அந்த அடித்தொகை அங்கே இருந்தது.

நர்சிங் படிக்கும் அந்த மகள் இங்கேயும் கை தூக்குவாள் என்று நினைக்கிறேன், தூக்கவும் வேண்டும். தடுப்பூசி போடாத 17 ஆயிரம் பேர் யார்? ஏற்கெனவே உடல்நிலை சரியில்லாமல், அல்லது ஊசி ஒத்துக்கொள்ளாது என்று பயந்து தள்ளிப்போட்டவர்கள் அதில் அதிகமாக இருந்தால், அவர்கள் எப்படியும் கூடுதலாக இறந்திருப்பார்களே? சரியான கேள்வி. இப்படிப்பட்ட கணக்கில் அந்தச் சந்தேகத்தை முழுதாகப் போக்க முடியாது. ஆனால் எல்லோரும் ஒரே துறை, ஒரே மாதம், ஒரே மாதிரி ரோட்டில் நின்ற வேலை. வித்தியாசமோ இருபது மடங்கு. நோயாளிகள் அந்தப் பக்கம் கூடுதலாக இருந்திருந்தால் இருபது பன்னிரண்டாகக் குறையலாம், எட்டாகக்கூடக் குறையலாம். ஒன்றாகிவிடாது.

வித்தியாசம் சின்னதாக இருக்கும்போதுதான் ஆபத்து. அமெரிக்காவில் 1976-இல் தொடங்கிய செவிலியர் ஆய்வில், மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொண்ட பெண்களுக்கு இதயநோய் கணிசமாகக் குறைவாக இருந்தது. லட்சக்கணக்கான பெண்களுக்கு டாக்டர்கள் அதை எழுதிக்கொடுத்தார்கள். பிறகு 16,608 பெண்களை வைத்துக் குலுக்கல் முறையில் பரிசோதனை நடந்தது. 2002 ஜூலையில் அதைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோய் கூடியிருந்தது. இதயநோயும் குறையவில்லை, சற்றுக் கூடவே செய்தது.

எப்படி இவ்வளவு தலைகீழாகப் போனது? மாத்திரை எடுத்துக்கொண்ட பெண்கள் பொதுவாக வசதியானவர்கள், உடம்பைப் பேணுகிறவர்கள் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது நான் மேலே சொன்ன மூன்றாவது கட்டின் சிக்கல். மாத்திரை தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே மாரடைப்பு வந்தவர்கள் எண்ணிக்கையில் சரியாக விழவில்லை; தொடங்கி, தாக்குப்பிடித்து, தொடர்ந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களே "எடுப்பவர்கள்" பட்டியலில் நிறைந்திருந்தார்கள். மிகேல் ஹெர்னான் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2008-இல் அதே செவிலியர் விவரங்களை மறுபடி எடுத்து, மாத்திரை தொடங்கிய நாளிலிருந்தே எண்ணினார்கள். குலுக்கல் சொன்ன விடைக்கு அது மிக அருகே வந்துவிட்டது. அதே பெண்கள், அதே விவரங்கள். எண்ணிய விதம்தான் மாறியது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த சம்பவம் இதுதான். பிழை தரவில் இருந்ததைவிடக் கேள்வி கேட்ட விதத்தில் அதிகம் இருந்தது.

ஹெர்னானும் ஜேம்ஸ் ராபின்ஸும் இதையே ஒரு முறையாக வளர்த்தார்கள். குலுக்கல் போட முடிந்திருந்தால் எப்படி நடத்தியிருப்போம் என்பதை முதலில் முழுதாகத் தாளில் எழுத வேண்டும். யார் சேரலாம், எந்த நாளில் எண்ணத் தொடங்குவது, எதை எதோடு ஒப்பிடுவது, எதுவரை பின்தொடர்வது. பிறகு இருக்கிற விவரங்களை அந்தத் தாளுக்குப் பொருந்தும்படி அடுக்க வேண்டும். பொருந்தாத இடத்தில் பொருந்தவில்லை என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

புத்தூருக்கு அந்தத் தாளை எழுதிப் பார்க்க ஆசைப்படுகிறேன். 18 வயதுக்கு மேல், மணிக்கட்டு முறிவு, தோல் கிழியாதது, முறிந்து மூன்று நாளுக்குள் வந்தவர்கள். ஒரு பக்கம் புத்தூர் கட்டு, மறுபக்கம் ஆஸ்பத்திரி மாவுக்கட்டு. அறுவை சிகிச்சையோடு ஒப்பிடக் கூடாது. மாவுக்கட்டோடு ஒப்பிடுவதே நியாயம். ஒரு மணி நேரப் பயணத்தில் திருப்பதியில், தேவஸ்தானம் நடத்தும் பேர்ட் என்ற எலும்பு மருத்துவமனை இருக்கிறது. ஒப்பிட ஆள் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. முதல் கட்டன்றே பெயர் பதிவு. எக்ஸ்ரேயை ஜனங்களே கவரோடு கொண்டுவருகிறார்கள். எந்த ஆஸ்பத்திரிக்காரரும் பொறாமைப்படக்கூடிய வசதி இது, அதை ஒரு போன் கேமராவில் படம் எடுத்து வைத்தால் போதும். வயது, சர்க்கரை, எந்தக் கை, எத்தனை துண்டு, எத்தனை நாள் கழித்து வந்தார். ஒரு வருடம் கழித்து எல்லோரையும் கூப்பிட வேண்டும். வராதவரை வீடு தேடிப் போக வேண்டும். குடத்தைத் தூக்க முடிகிறதா, சட்டைப் பித்தான் போட முடிகிறதா, விரல் மரத்துப்போகிறதா என்று கேட்க வேண்டும். கேட்கிறவருக்கு அவர் எங்கே கட்டுப் போட்டார் என்பது தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது.

அப்போதும் அளக்க முடியாதவை மிஞ்சும். வலியைத் தாங்கும் மனசு, வைத்தியர் மேல் உள்ள நம்பிக்கை, உடனே வேலைக்குத் திரும்ப வேண்டிய நெருக்கடி. இவை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கலாம். ஆகவே நூற்றுக்கு இரண்டு மூன்று வித்தியாசம் வந்தால் ஒன்றும் சொல்லக் கூடாது. நூற்றுக்கு இருபது வந்தால் இரு தரப்பும் உட்கார்ந்து பேச வேண்டும். புத்தூர் கட்டு மாவுக்கட்டுக்குச் சளைத்ததில்லை என்று வந்தால் அதை ஏழைகளின் வைத்தியமாக மதித்துப் பாடம் சொல்லித்தர வேண்டும். சில முறிவுகளில் அது கெடுதல் செய்கிறது என்று வந்தால் அந்த முறிவுகளைத் திருப்பி அனுப்ப வைத்தியர்களே முன்வர வேண்டும். நூறு வருடத்துக்கு மேல் பெயர் காத்த குடும்பத்தாருக்கு இந்தப் பதிவேடு ஒரு மரியாதைதான். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் வேலை இல்லை.

திருத்தணி அம்மாவுக்கு இனி நேராகச் சொல்ல வேண்டியவை. மாமியாரின் கட்டுக்குக் கீழே விரல்களைத் தினம் பாருங்கள். விரல் நீலம் பாரித்தாலோ, வெளுத்தாலோ, மரத்தாலோ, மடக்க முடியாமல் போனாலோ, வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கட்டைத் தளர்த்தி, அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தம் ஓடாத தசை சில மணி நேரத்திலேயே சாகத் தொடங்கிவிடும். மற்ற வாசகர்களும் குறித்துக்கொள்ளுங்கள்: தோல் கிழிந்த முறிவு, குழந்தையின் முழங்கைக்கு மேல் முறிவு, வயதானவரின் இடுப்பு முறிவு, தலையிலோ முதுகெலும்பிலோ அடி, இவற்றுக்கு எந்த ஊர்க் கட்டும் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிதான். தகராறு மிச்சமிருப்பது எளிய முறிவுகளில் மட்டுமே, அங்கே எது மேல் என்று அடித்துச் சொல்லும் ஆதாரம் என்னிடம் இல்லை. மகள் கேட்டது சரியான கேள்வி. கொழுந்தனார் செய்ததும் அக்கறையால் செய்ததுதான். இருவரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்துச் சாப்பாடு போடுங்கள்.

எலும்பு முறிந்து எங்கே கட்டுப் போட்டவராக இருந்தாலும் நீங்கள் எங்களுக்கு எழுத வேண்டும். எந்த எலும்பு, எத்தனையாவது நாளில் போனீர்கள், நடுவில் இடம் மாற்றினீர்களா, இப்போது அந்தக் கையால் என்னென்ன செய்ய முடிகிறது, என்ன முடியவில்லை. நன்றாகக் கூடியவர்களும் எழுதுங்கள், கூடாதவர்களும் கட்டாயம் எழுதுங்கள். அடுத்த இதழ்களில் உங்கள் அனுபவங்களை ஊர், பெயர் இல்லாமல் வெளியிடுகிறோம். ஆனால் வந்த கடிதங்களை எண்ணி "நூற்றுக்கு இத்தனை பேருக்குக் குணம்" என்று ஒருநாளும் போட மாட்டோம். எழுத மனம் வந்தவர்கள் மட்டுமே எழுதுகிறீர்கள். எழுதாதவர்களின் கை எப்படி இருக்கிறது என்று அந்தக் கடிதங்கள் சொல்லாது.

அன்புடன்,
ஆசிரியர்